விமானத்தை ஹெடிங்கில் நிறுத்துவது ஏன், எப்படி? ரேடார் வெக்டரிங் முழு வழிகாட்டி

இன்றைய பயணிகள் விமானத்தின் கணினியில் போக வேண்டிய வழிப்புள்ளிகள் எல்லாம் புறப்படும் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். எங்கே திரும்புவது, எவ்வளவு திரும்புவது என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அப்படியிருந்தும் தரையில் ரேடார் திரைக்கு முன்னால் இருக்கும் கன்ட்ரோலர், "டர்ன் லெஃப்ட் ஹெடிங் ஒன் சிக்ஸ் சீரோ" என்று சொல்கிறார், அதாவது இடப்பக்கம் திரும்பி மூக்கை 160 பாகைத் திசையில் வைக்கச் சொல்கிறார். விமானியும் கணினிப் பாதையை விட்டுவிட்டு ஹெடிங் குமிழைத் திருகுகிறார். இப்படி ரேடாரைப் பார்த்து, திசை சொல்லி விமானத்தை நடத்துவதே ரேடார் வெக்டரிங். பயிற்சிக் கன்ட்ரோலர்களும் விமானி மாணவர்களும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதன் காரணத்தைத்தான். அது பிடிபட்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே பொருள்படும்.

தன் வழியில் பறக்கும் விமானம் அதன் பாதை திரும்புமிடத்தில் திரும்பிவிடும். எந்த நொடியில் திரும்பத் தொடங்கும் என்பதை அதன் வேகத்தையும் காற்றையும் வைத்து அதன் கணினி முடிவு செய்யும். கன்ட்ரோலருக்கு அது தோராயமாகத்தான் தெரியும். ஹெடிங்கில் நிறுத்தப்பட்ட விமானமோ, மறு சொல் வரும்வரை திரும்பாது. இரண்டு விமானங்களுக்கு நடுவே 5 கடல் மைல் (இனி மைல் என்றாலே கடல் மைல்) மட்டுமே விட்டு, ஒன்றை மற்றொன்றின் உயரத்தைக் கடந்து ஏற்றும்போது, இரண்டில் ஒன்றுகூட எதிர்பாராமல் திரும்பக் கூடாது. அதனால்தான் இரண்டையும் ஹெடிங்கில் "பூட்டி" வைக்கிறார்கள். இப்போது போகும் திசையே சரியாக இருந்தாலும் "கன்டினியூ பிரசென்ட் ஹெடிங்" என்று வாய்விட்டுச் சொல்வதும் இதற்காகவே. திரையில் நேராகப் போகிறதே என்று சும்மா இருந்துவிட்டால், அடுத்த வழிப்புள்ளியில் அது எதிர் விமானத்தின் பக்கமாகவே மூக்கைத் திருப்பலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வழித்தடத்துக்கு முடிவு உண்டு, ஹெடிங்குக்குக் கிடையாது. 090 என்று சொல்லிவிட்டு மறந்தால் விமானம் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும், மலை இருந்தாலும், பக்கத்துக் கட்டுப்பாட்டு எல்லை வந்தாலும். கொடுத்த ஹெடிங் ஒவ்வொன்றும் கன்ட்ரோலர் வாங்கிய கடன் என்று நினைத்துக்கொள்ளலாம். கீழே வரும் படிகளில் பாதி, அந்தக் கடனை எப்படி அடைப்பது என்பதைப் பற்றியவை.

மூக்கின் திசை வேறு, பாதை வேறு

ஹெடிங் என்பது விமானத்தின் மூக்கு காந்த வடக்கிலிருந்து எத்தனை பாகையில் இருக்கிறது என்ற அளவு. தரைமேல் அது வரையும் கோடு டிராக். பக்கக் காற்று அடித்தால் இரண்டும் பிரியும். 240 நாட் (மணிக்கு 240 கடல் மைல்) வேகத்தில் போகும் விமானத்தை 40 நாட் பக்கக் காற்று தள்ளினால், டிராக் ஏறக்குறைய 10 பாகை விலகிவிடும். ரேடார் திரையில் தெரிவது டிராக். கன்ட்ரோலர் சொல்வது ஹெடிங். பயிற்சியின் முதல் சில வாரங்களில் நடக்கும் பிழைகளில் பல இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

அப்படியென்றால் டிராக்கையே சொல்லலாமே? சொல்வதில்லை. ஹெடிங்கை எந்த விமானமும், சிறிய செஸ்னாவும் சரி, ஏர்பஸ் ஏ380-ம் சரி, குமிழைத் திருகிய நொடியிலேயே செயல்படுத்த முடியும். அத்துடன் ஒரே உயரத்தில், ஒத்த வேகத்தில், ஒரே ஹெடிங்கில் போகும் இரண்டு விமானங்களைக் காற்று ஒரே அளவுதான் தள்ளும், இடைவெளி குலையாது. உயரமோ வேகமோ மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. 4,000 அடியில் அடிக்கும் காற்று 10,000 அடியில் வேறு திசையில் இருக்கலாம்.

நேர் வடக்கை 000 என்று சொல்வதில்லை, 360 என்றே சொல்ல வேண்டும். எண்களை 5 அல்லது 10-இன் மடங்குகளில் கொடுப்பதே வழக்கம். 087 என்று கொடுப்பது துல்லியம் போலத் தோன்றும். காற்று அதைவிட அதிகமாகத் தள்ளிவிடும் என்பதால் அதில் பயன் இல்லை.

படி 1: இப்போதைய ஹெடிங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

திரையில் 005 திசையில் நகரும் விமானம், மேற்குக் காற்றை எதிர்த்து மூக்கை 355-இல் வைத்திருக்கலாம். அது 005-இல் இருக்கிறது என்ற எண்ணத்தில் 360-ஐ இடப்பக்கமாகக் கொடுத்தால், 5 பாகை வலப்பக்கம் திரும்ப வேண்டிய விமானம் இடப்பக்கமாக ஒரு முழு வட்டமே அடிக்க நேரும். பொறுப்பான விமானி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வார். அதை நம்பி வேலை செய்யக் கூடாது. "ரிப்போர்ட் ஹெடிங்" என்று கேளுங்கள். மோட் எஸ் வசதி கொண்ட ரேடாரில் விமானத்தின் காந்த ஹெடிங், காட்டும் வேகம், விமானி தேர்ந்தெடுத்த உயரம் ஆகியவை திரைக்கே வந்துவிடும். அங்கே கேட்கத் தேவையில்லை.

கேட்க நேரமில்லை என்றால் "டர்ன் லெஃப்ட் 20 டிகிரீஸ், ரிப்போர்ட் ஹெடிங்" என்று சொல்லலாம். மூக்கு எங்கே இருந்தாலும் 20 பாகை 20 பாகைதான்.

படி 2: எத்தனை பாகை என்று கணக்கிடுங்கள்

ஃப்ளைட் லெவல் 350-இல், அதாவது ஏறத்தாழ 35,000 அடியில், இரண்டு விமானங்கள். ஒன்று கிழக்கே, மற்றொன்று வடக்கே. இரண்டும் 480 நாட், அதாவது நிமிடத்துக்கு 8 மைல். இரண்டும் ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் அடையப்போகின்றன. புள்ளிக்கு இன்னும் 5 நிமிடம், 40 மைல் இருக்கிறது.

வடக்கே போவதை 10 பாகை இடப்பக்கம் திருப்பி மற்றதன் பின்னால் கடக்க வைத்தால், அவை மிக நெருங்கும் தூரம் 4.9 மைல். வேண்டியது 5. நூலிழையில் விதி மீறல். 15 பாகை திருப்பினால் 7.4 மைல் கிடைக்கும். அதே முடிவை இரண்டரை நிமிடம் தள்ளிப் போட்டால், 20 மைல் தூரத்தில் 15 பாகை 3.7 மைல்தான் தரும். 20 பாகை கொடுத்தாலும் 4.9, 25 பாகை கொடுத்தால்தான் 6 மைலைத் தாண்டும். இவையெல்லாம் விமானம் நொடியில் திரும்பிவிடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் கன்ட்ரோலர் பேசி, விமானி திருப்பிச் சொல்லி, குமிழைத் திருகி, இறக்கை சாய்ந்து மூக்கு நகர்வதற்குள் சில மைல் போய்விடும். ஆகவே சீக்கிரமாக, சிறிதாகத் திருப்புங்கள். தாமதமாகப் பெரிதாகத் திருப்புவது பயணிகளுக்கும் சங்கடம், கணக்குக்கும் சங்கடம்.

யாரைத் திருப்புவது? கடக்கும் புள்ளிக்குப் பின்தங்கி வருவதை, முந்தி வருவதன் வாலைக் குறிவைத்துத் திருப்புவதே பாதுகாப்பு. முன்னால் வெட்டிக்கொண்டு போகச் செய்தால், காற்றோ வேகமோ சற்று மாறினாலும் இடைவெளி சுருங்கிவிடும்.

திரும்பும் வேகத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஜெட் விமானம் பொதுவாக 25 பாகைக்கு மேல் சாயாது. அந்தச் சாய்வில் 180 நாட்டில் திருப்பத்தின் ஆரம் ஏறத்தாழ 1 மைல், 250 நாட்டில் 2 மைல், 450 நாட்டில் 6 மைலுக்கும் மேல். 250 நாட்டில் நொடிக்கு 2 பாகை திரும்பும் அதே விமானம், 450 நாட்டில் நொடிக்கு 1 பாகையைச் சற்றே தாண்டும். மேல்வானில் 90 பாகைத் திருப்பத்துக்கு ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதை மறந்தவர்கள்தான், "ஏன் இன்னும் திரும்பவில்லை?" என்று இரண்டாம் முறை மைக்கை அழுத்துகிறார்கள்.

படி 3: சொல்லுங்கள், காரணத்தோடு

சொல்லும் வரிசை: அழைப்புப் பெயர், திரும்பும் பக்கம், ஹெடிங், காரணம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.-வின் ஆவணம் 4444, விமானத்தை அதன் வழித்தடத்திலிருந்து முதன்முறை விலக்கும்போது காரணத்தையும், எதுவரை என்பதையும் விமானிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. "ஃபார் ஸ்பேசிங்" (இடைவெளிக்காக), "ஃபார் டிராஃபிக்" (வேறு விமானத்துக்காக), "வெக்டர்ஸ் ஐ.எல்.எஸ். ரன்வே ஸீரோ செவன்" (ஓடுபாதை 07-க்கு வழிகாட்டும் வானொலிக் கற்றையைப் பிடிக்க) ஆகிய மூன்றும் விமானியின் மனத்தில் மூன்று வேறு படங்களை வரையும். கடைசியைக் கேட்டவர் இறங்கத் தயாராவார். முதலாவதைக் கேட்டவர் எரிபொருளைப் பார்ப்பார்.

ஒரே மூச்சில் ஹெடிங், உயரம், வேகம், அலைவரிசை எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். குறிப்பாக ஹெடிங் 100-ம் ஃப்ளைட் லெவல் 100-ம் அடுத்தடுத்து வந்தால் எண்கள் இடம் மாறிப்போகும். பிரிட்டனில் சுழியில் முடியும் ஹெடிங்குக்குப் பின்னால் "டிகிரீஸ்" என்று சேர்த்துச் சொல்வது இதற்காகத்தான். நல்ல வழக்கம், எங்கும் பின்பற்றத் தக்கது.

படி 4: ரீட்பேக்கைக் கேளுங்கள், பிறகு திரையைப் பாருங்கள்

ஹெடிங்கை விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். கேட்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: சரியான விமானம்தானா, சரியான பக்கமா, சரியான எண்ணா. ஒத்த ஒலியுள்ள அழைப்புப் பெயர்கள் இரண்டு ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் எடுத்துக்கொள்வது உண்மையில் நடப்பது. இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் ஒலி சிதறும். அந்தச் சிதறலை அலட்சியப்படுத்தாமல் இருவரையும் தனித்தனியே கேளுங்கள்.

விமான நிலைய ரேடார் 4 அல்லது 5 நொடிக்கு ஒருமுறைதான் சுற்றி வரும். திருப்பம் திரையில் தெரிய இரண்டு மூன்று சுற்று ஆகும். அதற்குள் பதறி இன்னொரு ஹெடிங் கொடுக்காதீர்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் நேராகவே போனால் உடனே கேளுங்கள்.

படி 5: ஓடுபாதைக்குக் கொண்டுவருதல், சென்னை 07-ஐ வைத்து

வெக்டரிங்கின் உயிர் இங்கேதான். சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் 07 பக்கமிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இறங்கு கோட்டை 070 என்றும், காற்றை 010-இலிருந்து 25 நாட் என்றும் எடுத்துக்கொண்டு, நிலையத்துக்கு வடக்கே வந்து சேர்ந்த ஒரு விமானத்தை இறக்குவோம்.

முதலில் டவுன்விண்ட். ஓடுபாதைக்கு இணையாக, 6 மைல் தள்ளி, எதிர்த்திசையில் பறக்க வேண்டும். கணக்குப்படி 250. ஆனால் காற்று விமானத்தை ஓடுபாதைப் பக்கம் 5, 6 பாகை தள்ளுகிறது. ஆகவே 255 கொடுங்கள். 250-இலேயே விட்டால் 6 மைல் கொஞ்சம் கொஞ்சமாக 5 ஆகி, பேஸ் திரும்பும்போது இடம் போதாது.

அடுத்தது பேஸ், அதாவது இறங்கு கோட்டை நோக்கிக் குறுக்கே பறக்கும் பகுதி: "டர்ன் லெஃப்ட் ஹெடிங் ஒன் சிக்ஸ் ஸீரோ." எப்போது சொல்வது என்பதுதான் இந்த வேலையின் கைத்திறன். டவுன்விண்டில் 1 மைல் நீட்டினால், போக 1, வர 1 என்று பாதை 2 மைல் நீளும். 210 நாட்டில் 20 நொடி தாமதித்தால் முன்னால் போகும் விமானத்துடனான இடைவெளி ஏறக்குறைய 2.3 மைல் கூடும். ஒரு விமானத்துக்கு வானிலை விவரம் சொல்லிக்கொண்டிருக்கையில் 20 நொடி போய்விடும். பரபரப்பான நேரத்தில் பேஸ் திருப்பத்தைவிட அவசரமான பேச்சு எதுவும் இல்லை.

பேஸில் காற்று முதுகில் அடிக்கிறது. 210 நாட் விமானம் தரைமேல் 230 நாட்டில் ஓடும். 6 மைல் அகலத்தில் முதல் திருப்பம் ஏறக்குறைய ஒன்றரை மைலைத் தின்றுவிடும். இரண்டாம் திருப்பத்தை நடுக்கோட்டுக்கு இரண்டரை மைல் இருக்கும்போதே சொல்லியாக வேண்டும். மீதியுள்ள நேர்ப்பாதை முக்கால் நிமிடம்கூட இல்லை. வேகத்தை 180-ஆகக் குறைக்க வேண்டுமானால் பேஸ் திரும்பும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி லோக்கலைசர் (ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ். கற்றை) பிடிக்கும் ஹெடிங். ஐ.சி.ஏ.ஓ. விதி 45 பாகை அல்லது அதற்குக் குறைவு என்கிறது. நடைமுறையில் 30 பாகைதான் நல்லது. பாடப்புத்தகக் கணக்குப்படி 070-உடன் 30 சேர்த்து 100. ஆனால் 180 நாட்டில் வரும் விமானத்தை இந்தக் காற்று 7 பாகைக்கு மேல் தெற்கே தள்ளுவதால், உண்மையான கோணம் 37 பாகைக்கு மேல் போய்விடும். தானியங்கிப் பைலட் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். 090 கொடுத்தால் உண்மைக் கோணம் ஏறக்குறைய 28 பாகை. விமானம் நழுவி வந்து கோட்டில் உட்காரும். காற்று தெற்கிலிருந்து அடித்தால் இதையே தலைகீழாகப் போட வேண்டும்: 110 கொடுக்காவிட்டால் கோடு வந்து சேரவே வெகுநேரம் ஆகும்.

உயரமும் கூடவே சரியாக இருக்க வேண்டும். 3 பாகை கிளைட் பாத் (இறங்கும் சரிவைக் காட்டும் ஐ.எல்.எஸ். கற்றை) மைலுக்கு 318 அடி இறங்கும். 10 மைலில் ஏறத்தாழ 3,200 அடி. விமானம் மட்டமாகப் பறந்தபடி, கிளைட் பாத்தைக் கீழிருந்து பிடிக்க வேண்டும். மேலிருந்து துரத்திப் பிடிக்க வைப்பது விமானியைச் சிக்கலில் தள்ளுவது. அதனால் தரை தொட இன்னும் எத்தனை மைல் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஹெடிங்கில் இருக்கும் விமானியால் அதைத் தானே கணிக்க முடியாது, ஏனெனில் பாதை உங்கள் தலைக்குள் இருக்கிறது. "25 மைல்" என்று ஒரு சொல் கிடைத்தால் அவர் மைலுக்கு 300 அடி என்று வைத்து இறக்கத்தைத் திட்டமிட்டுக்கொள்வார்.

இடைவெளி எவ்வளவு? நிலையப் பகுதி ரேடாரில் பொதுவாக 3 மைல். முன்னால் போயிங் 777 போன்ற ஹெவி (கனமான வகை), பின்னால் ஏர்பஸ் ஏ320 போன்ற மீடியம் (நடுத்தர எடை) என்றால், முன்னதன் இறக்கை கிளப்பும் காற்றுச் சுழல் காரணமாக 5 மைல். ஹெவிக்குப் பின் ஹெவி 4, லைட் 6. ஏ380-க்குப் பின்னால் மீடியம் வந்தால் 7 மைல். இதோடு சுருக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசி 4 மைலில் முன்னது 140 நாட்டுக்குக் குறைய, பின்னது இன்னும் 160-இல் வந்தால், முன்னது தரை தொடுவதற்குள் அரை மைலுக்கு மேல் இடைவெளி உருகிவிடும். 3 வேண்டுமென்றால் 3.6 வைத்து அனுப்புங்கள்.

இடைவெளிக்காக விமானத்தை லோக்கலைசரைத் தாண்டிப் போகவிட முடிவு செய்தால், அதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கன்ட்ரோலர் மறந்துவிட்டார் என்று நினைத்து விமானி தானாகத் திரும்பக்கூடும்.

மலையை யார் பார்ப்பது?

தன் வழியில் பறக்கும் விமானிக்கு அந்த வழித்தடத்தின் குறைந்தபட்ச உயரம் வரைபடத்தில் இருக்கிறது. ஹெடிங்கில் போட்டதும் அந்த வரைபடம் அவருக்கு உதவாது. தடைகளுக்கு மேல் போதிய உயரத்தில் வைத்திருக்கும் பொறுப்பு கன்ட்ரோலருடையது. இதற்கென்றே பகுதி பகுதியாகப் பிரித்த குறைந்தபட்ச வெக்டரிங் உயர வரைபடம் பணிமேசையில் இருக்கும். அமெரிக்காவில் அது தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதியில் 2,000 அடி என்ற கணக்கில் அமைகிறது.

1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727, வாஷிங்டன் டல்லஸ் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. வி.ஓ.ஆர். (தரையிலுள்ள வானொலி வழிகாட்டி நிலையம்) கோடு ஒன்றைப் பிடிக்க அதற்கு ஹெடிங் கொடுத்திருந்தார்கள். பிறகு, நிலையத்துக்கு இன்னும் 40 மைலுக்கு மேல் இருக்கும்போதே அப்ரோச் அனுமதி, அதாவது ஓடுபாதையை அணுகி இறங்கும் அனுமதி, கிடைத்தது. எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பு அதில் இல்லை. அனுமதி வந்துவிட்டதால் இறங்கலாம் என்று விமானிகள் 1,800 அடிக்கு இறங்கினார்கள். வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி, விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். இருதரப்பும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொண்டிருந்தன. அப்ரோச்சின் வெளியிடப்பட்ட பகுதியில் சேரும்வரை இருக்க வேண்டிய உயரத்தைச் சொல்லியே அனுமதி தர வேண்டும் என்ற அமெரிக்க விதி இந்த உயிர்களின் விலையில் வந்தது. ஆகவே ஹெடிங்கில் இருக்கும் விமானத்துக்கு அப்ரோச் அனுமதி தரும்போது, "கோட்டில் சேரும்வரை 3,000 அடி" என்பதை ஒருபோதும் விழுங்கிவிடாதீர்கள்.

புறப்படும் விமானம்

"ரன்வே ஹெடிங்" என்றால் ஓடுபாதையின் நேர்கோட்டை நீட்டி அதன்மேல் பறப்பது என்று பல மாணவ விமானிகள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மூக்கை ஓடுபாதையின் காந்தத் திசையில் வைத்துக்கொண்டு, காற்று தள்ளும் பக்கம் தள்ளட்டும் என்று விடுவதே சரி; காற்றுக்குத் திருத்தம் செய்யக் கூடாது. இணை ஓடுபாதைகளில் பக்கத்தில் ஏறும் விமானத்தையும் காற்று அதே பக்கம்தான் தள்ளும். ஒருவர் மட்டும் திருத்திப் பறந்தால் இருவரும் நெருங்கிவிடுவார்கள்.

கருவியோ வானொலியோ கைவிட்டால்

திசைகாட்டி பழுதான விமானத்துக்கு எண் சொல்லிப் பயனில்லை. நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பச் சொல்லி, "டர்ன் லெஃப்ட் நௌ" என்று தொடங்கி, கடிகாரத்தையும் திரையையும் பார்த்து "ஸ்டாப் டர்ன் நௌ" என்று நிறுத்த வேண்டும். 30 பாகைக்கு 10 நொடி. சொன்ன கணமே செயல்படுத்தும்படி விமானியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மோதல் தவிர்ப்புக் கருவியான டி.காஸ் "ஏறு" அல்லது "இறங்கு" என்று கட்டளையிட்டதாக விமானி அறிவித்தால், அவர் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்று சொல்லும்வரை அவருடைய பாதையை மாற்ற முயலாதீர்கள்.

ஹெடிங்கில் இருக்கும்போது வானொலி செத்துப்போனால் விமானி அதை ரேடார் திரையில் தெரிவிக்கும் 7600 குறியீட்டை இடுவார். விதிப்படி, குறைந்தபட்ச உயரத்தைக் கருத்தில் கொண்டு, அடுத்த முக்கியப் புள்ளிக்குள் தன் திட்டப் பாதையில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஹெடிங் கொடுக்கும்போது காரணம் சொன்னோமே, அது இங்கே கைகொடுக்கும்: "ஐ.எல்.எஸ்.-க்காக" என்று கேட்டிருந்தவர் தம்மை எதற்குத் திருப்பினார்கள் என்பதை அறிந்திருப்பார்.

படி 6: கடனை அடையுங்கள்

தேவை தீர்ந்ததும், "ரெஸ்யூம் ஓன் நேவிகேஷன், டைரக்ட்" என்று சொல்லி ஒரு வழிப்புள்ளிக்கு அனுப்புங்கள். மேல்வானில் இதை மறப்பது சுலபம், ஏனென்றால் மோதல் தீர்ந்ததும் கண் அடுத்த மோதலைத் தேடிப் போய்விடும். ஹெடிங் கொடுத்த உடனேயே அந்த விமானத்தின் விவரப் பட்டியில் எண்ணைக் குறித்து வைப்பதும், விடுவித்ததும் அடிப்பதும் பழக வேண்டிய கைவேலை. இடையில் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்யாதவரை, விமானத்தை உங்கள் வான்பரப்பின் விளிம்புக்கு 2.5 மைலுக்குள்ளோ, தேவையான இடைவெளியில் பாதிக்குள்ளோ, எது அதிகமோ அதற்குள் கொண்டுபோகக் கூடாது. அந்தப் பக்கத்தில் இருப்பவரும் தன் விமானத்தை விளிம்பில் வைத்திருக்கலாம்.

ஹெடிங்கிலேயே அடுத்த கன்ட்ரோலரிடம் ஒப்படைக்க நேர்ந்தால், அந்த எண்ணை அவருக்கும் சொல்ல வேண்டும், விமானியும் முதல் அழைப்பிலேயே தன் ஹெடிங்கை அறிவிக்க வேண்டும். "கான்டாக்ட் சென்னை, ரிப்போர்ட் யுவர் ஹெடிங்" என்று அனுப்பினால் இரண்டும் முடிந்துவிடும். எண் போய்ச் சேராவிட்டால், அந்த விமானம் தன் வழியில்தான் போகிறது, புள்ளி வந்ததும் திரும்பிவிடும் என்று புதியவர் நம்பிக் காத்திருப்பார். விமானியோ யாராவது திருப்பச் சொல்வார்கள் என்று நேராகவே பறந்துகொண்டிருப்பார்.